கச்சான் எழும்புமுன்

திருநெல்வேலிக்காரனுக்கு விடுமுறை வந்தால் கால் தானாக மேற்கே திரும்பும். சாரல் விழுந்தால் குற்றாலம், இல்லாவிட்டால் பாபநாசம், மணிமுத்தாறு, அகஸ்தியர் அருவி. கிழக்கே போவதென்றால் திருச்செந்தூர். முருகனைக் கும்பிட்டு, நாழிக்கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, பொழுது சாயுமுன் வீட்டுக்கு வந்துவிடுவோம். பொதிகையில் பிறந்து நம் வயல்களையெல்லாம் நனைத்துப் போகிற தாமிரபரணி புன்னைக்காயலில் கடலுக்குள் இறங்குகிறது. அங்கிருந்து வடக்கே பாம்பன் வரை கடலுக்குள் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. அவற்றைப் பற்றி நம் வீடுகளில் யாரும் பேசிக் கேட்டதில்லை. மலையை அறிந்த அளவுக்கு நாம் கடலை அறியவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம். வெட்டவெளியில், தீவில், கடலோடு சில நாள் இருந்துவிட்டு வரலாம் என்று வீட்டில் பேச்செடுத்தபோது பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள்.

எந்தத் தீவு என்பதுதான் முதல் கேள்வி. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்பது கணக்கு. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவு, காசுவார், விலாங்குச்சல்லி, காரியச்சல்லி. வேம்பார்ப் பக்கம் நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, புளுவினிச்சல்லி. அப்புறம் கீழக்கரை, மண்டபம் பக்கத்துத் தீவுகள். 1986-இல் இவற்றையும் சுற்றியுள்ள கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஆகவே நினைத்த நேரத்தில் படகைப் பிடித்து இறங்கி, கூடாரம் அடித்து, அடுப்பு மூட்ட அங்கே இடமில்லை. அப்படி இருப்பதில் எனக்குத் துளியும் வருத்தம் கிடையாது.

ஏனென்று சொல்கிறேன். காரியச்சல்லித் தீவு 1969-இல் ஏறக்குறைய 21 ஹெக்டேர் இருந்தது. 2024-இல் அளந்தபோது மூன்று ஹெக்டேரைச் சற்றுத் தாண்டியது, அவ்வளவே. விலாங்குச்சல்லி கடலுக்குள்ளேயே போய்விட்டது. கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டித் தீவுக்கும் அதே கதி. தீவைச் சுற்றி அரண்போல் நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் ஆலைகளுக்காகவும் ஆண்டுக்கணக்கில் வெட்டி எடுத்தார்கள். அலையை வாங்கித் தணிக்கப் பாறை இல்லாதபோது அது நேரே வந்து மணலை அள்ளிக்கொண்டு போகிறது. 2001-இல் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம் கிடைத்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் பாறை எதற்கு என்பது கரையில் எல்லோருக்கும் உறைத்தது, வெட்டுவதும் நின்றது. வான் தீவைக் காப்பாற்ற, சென்னை ஐஐடியின் வடிவமைப்பில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைப் பாறைக் கட்டமைப்புகளைத் தூத்துக்குடிக் கடலில் இறக்கியிருக்கிறார்கள். அவற்றின் மேல் பவளம் ஒட்டி வளர்ந்து, மீனும் வந்து அடைகிறது. இப்படிப் பிடித்து நிறுத்தி வைத்திருக்கிற மண்ணின் மேல் நாம் போய் விடுமுறை கொண்டாட வேண்டியதில்லை.

மனிதர் குடியிருக்கிற, தங்கி இருக்கத் தடையில்லாத தீவு என்று நமக்கு அருகில் இருப்பது பாம்பன் தீவு. ராமேஸ்வரம் என்று சொன்னால் கோயில்தான் நினைவுக்கு வரும். கோயிலுக்கு வெளியே அந்தத் தீவு எவ்வளவு பெரியது, எத்தனை விதமான கரை அதற்கு உண்டு என்பதைப் போகிறவர்களில் பாதிப்பேர் பார்ப்பதில்லை.

எப்போது போவது என்பதை முடிவு செய்து தந்தவர் புன்னைக்காயலில் வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஆறு கடலில் கலக்கும் இடத்தைப் பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிருந்தோம். ஏரல், ஆத்தூர் கடந்து போகும் வழியில் கொற்கைக்குப் பிரியும் பாதை வரும். பாண்டியரின் முத்துத் துறைமுகம் இன்றைக்குக் கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே வாழைத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிறது. தாமிரபரணி கொண்டுவந்து போட்ட வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிவிட்டது. பெரியவரிடம், மே மாதப் பள்ளி விடுமுறையில் பாம்பன் போகலாமென்று இருக்கிறோம் என்றேன்.

"லீவு எப்பம்னு பாத்து தீவுக்குப் போவக்கூடாது தம்பி, காத்து எப்பம்னு பாக்கணும். மே மாசம் கச்சான் எழும்பிரும். தெக்குக் கடல்ல காலு வைக்க முடியாது. மாசி, பங்குனியில போங்க. வாடையும் அடங்கியிருக்கும்."

இதை விரித்துச் சொன்னால்தான் பாம்பன் தீவின் சூட்சுமம் விளங்கும். அந்தத் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. தீவுக்காரர்கள் வடக்கைப் பெண் கடல் என்றும் தெற்கை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். ஆனால் பெண் கடலும் வருடம் முழுக்க அமைதியாக இருந்துவிடாது. ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வாடை வீசும்போது வடகடல்தான் புரளும். தென்கடல் குளம்போல் கிடக்கும். வைகாசியில் கச்சானும் சோழகமும் சேர்ந்து மேற்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் அடிக்கத் தொடங்கினால் கதை தலைகீழாகும். அப்போது தனுஷ்கோடிச் சாலையில் மணல் பறந்து முகத்தில் ஊசியாகக் குத்தும். வடகரையிலோ குழந்தைகள் முழங்கால் தண்ணீரில் நிம்மதியாக விளையாடுவார்கள். எந்த மாதத்தில் போனாலும் தீவின் ஏதோ ஒரு கரை நமக்கு இடம் கொடுக்கும். இரண்டு காற்றுக்கும் இடையில் இரண்டு கடலும் சேர்ந்து அடங்கியிருக்கும் நாள்கள்தான் வெளியிலேயே பொழுதைக் கழிக்க நினைப்பவர்களுக்குப் பொன்னான நாள்கள். அது மாசி, பங்குனி.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நம் பக்கத்திலிருந்து கிளம்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். 2023 டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் நூற்றுக்கணக்கில் தண்ணீருக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். கரையிலேயே அந்த நிலைமை என்றால் தீவில் என்ன ஆகும் என்பதை 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி கண்டது. புயலில் ஊரும் போனது, பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும் பயணிகளோடு போனது.

ஆகவே பள்ளியில் இரண்டு நாள் லீவு சொல்லி, வார இறுதியோடு சேர்த்து, மாசியில் புறப்பட்டோம்.

தூத்துக்குடியில் அரைநாள் முயல் தீவில். துறைமுகச் சாலை வழியாகவே போய்விடலாம். காணும் பொங்கலன்று தூத்துக்குடியில் பாதி ஜனம் கட்டுச்சோற்றோடு அங்கேதான் இருக்கும். மற்ற நாளில் ஆளரவம் குறைவு. பிள்ளைகளைக் கடலுக்குப் பழக்க அது நல்ல இடம். அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை. உப்பளங்களைத் தாண்டினால் வைப்பாறு, வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி, கீழக்கரை. வழி நெடுக உடைமரமும் பனையும்தான். நெல்லையிலிருந்து ராமேஸ்வரம் இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். விடியற்காலம் கிளம்பி நேரே போனால் மதியச் சாப்பாட்டுக்கு மண்டபம்.

பாம்பன் பாலத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். ரயில் பாலம் 1914-இல் வந்தது. கப்பலுக்கு வழிவிட நடுவே இரு கைகளையும் தூக்கி வந்தது. அதன் பக்கத்தில் புதிதாகக் கட்டிய பாலத்தை 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தார்கள். இதில் நடுத் துண்டு அப்படியே செங்குத்தாக மேலே எழும்பும். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தின் உச்சியில் நின்று பார்த்தால் இடப்பக்கம் ஒரு நிறத்திலும் வலப்பக்கம் வேறொரு நிறத்திலும் தண்ணீர் தெரியும். பெரியவர் சொன்ன இரண்டு கடலையும் அங்கேயே பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

கோயில் தெருக்களை விட்டுத் தள்ளி வடகரையில் ரூம் எடுத்தோம். சங்குமால், ஓலைக்குடா பக்கம் கடல் ஆழமில்லாதது. கயாக் தள்ளக் கற்றுத் தருகிறார்கள். காற்றுப் பருவத்தில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு பலகையில் நின்று அலைமேல் போகிற விளையாட்டும் நடக்கிறது. லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் ஏற்ற மாட்டோம் என்று கண்டிப்பாகச் சொல்கிற இடத்தில்தான் பிள்ளைகளை விட வேண்டும். துடுப்பு தண்ணீரில் இறங்கும்போது கீழே பச்சைப் புல்வெளி தெரிந்தது. அது கடற்புல். ஆவுளியா என்கிற கடல்பசு மேய்வது இதைத்தான். 2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையையொட்டிப் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கென்று ஒதுக்கினார்கள். கரைக்கு வந்ததும் கயாக்கைத் தரதரவென்று புல்லின் மேல் இழுக்காமல் தூக்கி வைக்கச் சொன்னார்கள். இதையெல்லாம் பிள்ளைகள் ஒருதரம் கேட்டால் மறப்பதில்லை.

குந்துகாலுக்கும் போனோம். விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று மேல்நாட்டிலிருந்து திரும்பி வந்து கரையேறிய இடம் அது. நினைவு மண்டபம் இருக்கிறது. அங்கிருந்துதான் குருசடைத் தீவுக்கு வனத்துறைப் படகு. 21 தீவுகளில் ஒன்றை முறைப்படி, பாதுகாவலோடு பார்க்க இது ஒரு வழி. காற்று கொஞ்சம் கூடினாலும் படகை எடுக்க மாட்டார்கள் என்பதால் இதை எந்த நாளுக்கென்று இறுக்கி வைக்காமல், கடைசி நாள் வரை இழுத்துக்கொள்ள இடம் விட்டுத் திட்டம் போட வேண்டும்.

குந்துகால் கரையிலும் பக்கத்துச் சின்னப்பாலத்திலும் நான் நின்று பார்த்தது பாசி எடுக்கும் பெண்களை. நம் பக்கம் நாற்று நடப் போகிறவர்களைப்போல் விடிகாலையில் திரண்டு படகேறுகிறார்கள். ஒருவர் தயாராவதை அருகில் இருந்து கவனித்தேன். சேலைக்கு மேல் ஒரு முழுக்கைச் சட்டை, இடுப்பில் வலைப்பை. பாறை கிழிக்காமலிருக்க ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் துணி சுற்றுகிறார். சுற்றி, பல்லால் கடித்து முடிச்சை இறுக்குகிறார். காலில் ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. காற்றுக்குழாய் எதுவும் கிடையாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து மேலே வந்து, மறுபடி முங்குகிறார்கள். இதிலிருந்துதான் அகர் தயாராகிறது. நாம் தின்கிற ஜெல்லிக்கும் ஆய்வகத் தட்டுகளுக்கும் அது போகிறது. மாதத்தில் பாதி நாளுக்கும் குறைவாகவே எடுப்பது, மீன் இனப்பெருக்கக் காலத்தில் கடலுக்குள் போகாமலிருப்பது என்று இந்தப் பெண்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி என்ற சூழல் பாதுகாப்பு விருது கிடைத்தது. என் மகள் அவர்களில் ஒருவரிடம், "எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருப்பீங்க அத்தை?" என்று கேட்டாள். "காலையில இறங்கினா மத்தியானம் வரைக்கும்மா. இடையில மேல வந்து மூச்சு வாங்கிக்கிறதுதான்" என்றார்.

தனுஷ்கோடிக்கு இருட்டோடு கிளம்ப வேண்டும். பத்து மணிக்குமேல் அந்த மணலில் நிற்க முடியாது. நிழலென்று இருப்பது குடைவேல மரம். மேலே தட்டையாகக் குடைபோல் விரிந்திருக்கும், கீழே முள் கிடக்கும். கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய சேற்றுநீரில் பூநாரைகள் நின்றன. குளிர்காலத்தில் வந்து பங்குனி வாக்கில் புறப்படுகிறவை. 2025 ஜூனில் தனுஷ்கோடிப் பகுதியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்தார்கள். காரை நிறுத்தி, உள்ளேயே இருந்து பார்த்தோம். இறங்கிப் போட்டோவுக்காக ஓடினால் கூட்டம் முழுக்க எழும்பிவிடும்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை ஒன்பதரைக் கிலோமீட்டர் சாலை 2017-இல் வந்தது. அதற்கு முன்பு மணலில் ஜீப்பும் வேனும்தான். இடிந்த தேவாலயத்தையும் ரயில் நிலையத்தையும் பார்க்க எல்லோரும் இறங்குகிறார்கள். நான் பார்க்க விரும்பியது தண்ணீரை.

அங்கே குடிசைகளுக்குப் பின்னால், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில், மணலில் ஆளுயரத்துக்கும் குறைவான குழிகள். ஊத்து என்கிறார்கள். ஒரு பெண் குழிக்குள் இறங்கி, அடியில் தேங்கியதைச் சிரட்டையால் மொண்டு குடத்தில் ஊற்றினார். நாலைந்து சிரட்டை எடுத்ததும் நிறுத்திவிட்டார். மணல் வழியே மறுபடி நீர் சுரந்து தெளியும்வரை காத்திருந்தார், பிறகு மறுபடி. குடிக்கத் தந்தார். உப்பே இல்லை. அருகில் இரைகிற கடலைப் பார்த்தபடி அந்தத் தண்ணீரைக் குடித்த என் மைத்துனர், "நாழிக்கிணறு மாதிரில்லா இருக்கு" என்றார்.

மழைநீர் மணலில் இறங்கி, கீழே உள்ள உப்புநீரில் கலக்காமல், பாலின் மேல் ஆடை படிவதுபோல் அதன்மேல் நிற்கிறது. நல்ல நீர் எடை குறைந்தது என்பதே காரணம். கணக்குப்படி கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல நீர் நின்றால் அதற்குக் கீழே நாற்பது அடி வரை நல்ல நீர் இருக்கும். மேலே ஒரு அடியை இழுத்துவிட்டால் கீழிருந்து உப்பு அத்தனை அடி ஏறிவிடும். மோட்டார் போட்டு உறிஞ்சினால் ஊத்து ஒரே பருவத்தில் கெட்டுப்போகும். சிரட்டையில் மொண்டு காத்திருந்தால் தலைமுறைக்கும் இருக்கும். ராமேஸ்வரம் கோயிலுக்குள் 22 தீர்த்தங்களில் வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றுவதும் இதே மணலில் தங்கிய நீரைத்தான்.

தாமிரபரணிக்காரர்களான நமக்கு இதைப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். இரண்டு மழையும் பெய்கிற மலையிலிருந்து இறங்கும் ஆற்றின் கரையில் பிறந்ததால் தண்ணீர் தீர்ந்துபோகும் என்ற எண்ணமே நமக்கு வருவதில்லை. தீவில் குளிக்கிற ஒவ்வொரு வாளியும் ஒன்று பாலம் தாண்டிக் குழாயில் வந்தது, இல்லையென்றால் அந்த ஊத்தின் பங்கு. வீட்டிலிருந்தே கேன் கேனாக ஆற்றுத் தண்ணீரை வண்டியில் ஏற்றிப் போயிருந்தோம். குடிக்க, சமைக்க அது போதுமாக இருந்தது. கடலாடிவிட்டு வந்தால் ஆளுக்கொரு வாளி என்று என் மனைவி கணக்கு வைத்தாள். போகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் கணக்கைச் சிபாரிசு செய்வேன்.

அரிச்சல்முனையில் குளிக்கக் கூடாது. இரண்டு கடலும் முட்டுகிற இடத்தில் அடியில் நீரோட்டம் ஆளை இழுக்கும். மணலும் காலடியில் சரியும். பொழுது சாயும் நேரத்தில் போலீசார் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நட்சத்திரம் பார்க்க அங்கேயே படுப்போம் என்ற ஆசையை வீட்டிலேயே விட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது. அந்த இருட்டில் கரைக்கு ஏறுகிறவை சிற்றாமைகள். மாசி, பங்குனி அவை முட்டையிடும் காலம். வனத்துறை முட்டைகளை எடுத்து வேலியிட்ட பொரிப்பகத்தில் புதைத்து, குஞ்சுகளைக் கடலில் விடுகிறது. டார்ச் வெளிச்சம் பட்டால் தாயாமை முட்டையிடாமலே திரும்பிப் போய்விடும்.

சாப்பாட்டுக்குக் கட்டுச்சோற்றை மிஞ்சியது எதுவுமில்லை. புளியோதரை இரண்டாம் நாளும் தாங்கும். வாழையிலையில் கட்டிப் போனால் குப்பை சேராது. அந்த மணலில் விழுந்த பிளாஸ்டிக் எதுவும் காற்றில் நேரே கடலுக்குள்தான் போகும். தொப்பி, முழுக்கைப் பருத்திச் சட்டை, வெறுங்காலோடு பாறைப்பக்கம் போகாமலிருக்கப் பழைய செருப்பு. மீன் வாங்கிச் சமைக்க நினைப்பவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். அந்த 61 நாளும் நாட்டுப்படகு மீன் மட்டுமே, விலையும் கூடும்.

கடைசி நாள் காலையில் தெற்கிலிருந்து காற்று லேசாகத் திரும்பியது. குருசடைப் படகை முந்தின நாளே முடித்துவிட்டிருந்ததால் கவலையில்லை. ஏர்வாடிக்கு அருகே பிச்சைமூப்பன் வலசையில் கண்ணாடி அடித்தளப் படகில் பவளப்பாறை காட்டுகிறார்கள். திரும்பும் வழியில் அதைப் பார்ப்பதாக இருந்தோம். அன்றைக்குக் கடல் கலங்கி, அடி தெரியாது என்றார்கள். அதை அடுத்த மாசிக்கு வைத்துக்கொண்டோம். சாயல்குடி தாண்டிச் சாலையோரத்தில் பதநீர் இறக்கத் தொடங்கியிருந்தார்கள். ஓலைப்பட்டையில் ஆளுக்கொன்று வாங்கிக் குடித்துவிட்டு, வீட்டுக்கு நாலு கிலோ புதுக்கருப்பட்டியும் வாங்கினோம்.